முதல் பெஞ்சு

த்ரோம்சோ,
8 செப்டம்பர் 1996

என் அன்பு மகள் சுன்னிவாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வருகிறது என்றாயே, சபைக் குழுவில் சொல்லிச் சரிசெய்தாயா இல்லையா? மூன்று ஆலயங்களுக்குப் போதகராக இருக்கிறாய், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறாய், ஒரு ஜன்னலுக்காக வாய் திறக்க மாட்டேன் என்கிறாய். அப்படியே உன் அப்பா. ஹீட்டர் ஓடாத பஸ்ஸைக் குளிர்காலம் முழுக்க ஓட்டிவிட்டு வந்து என்னிடம்தான் புலம்புவார், கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இங்கே உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது. இந்த வருஷம் சிறுசு சிறுசாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் ருசி இருக்கிறது. ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறான். மீன் கட்லெட்டில் காரட் சேர்க்கச் சொல்கிறான். நாங்கள் தலையாட்டிவிட்டு, சேர்க்காமல்தான் சுடுகிறோம்.

இதையெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். போனில் சொல்லலாம் என்று பலமுறை எடுத்தேன். போனில் நீயும் நானும் பேசினால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை, எங்கே போகிறாய் என்று கேட்டாய். பின்னல் வகுப்பு என்றேன். அது பொய். மாதா கோவிலுக்குப் போகிறேன். அங்கே ஃபாதர் காசிமிரிடம் ஞான உபதேசம் படிக்கிறேன். வருகிற ஈஸ்டருக்குக் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்துவிடுவதாக இருக்கிறேன்.

எழுதிவிட்டேன். அடித்துவிட்டுத் திரும்ப எழுதப் போவதில்லை.

ஃபாதர் போலந்துக்காரர், நம் மொழி அவருக்கு இன்னும் சரியாக வராது. நம் மொழியில் ஆவிக்கும் வாத்துக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம்? அவர் ஒவ்வொரு தடவையும் ‘பரிசுத்த வாத்து’ என்கிறார். எங்களில் யாரும் திருத்துவதில்லை. நல்ல மனுஷர். நீ அவரைப் பார்த்தால் உனக்கும் பிடிக்கும் என்று எழுத நினைத்தேன். இப்போது எழுதினால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் பதில் எழுது.

என்றும் உன்,
அம்மா


ஹெஸ்தோய்,
16 செப்டம்பர் 1996

அம்மா,

ஒரு வாரமாக உன் கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். ஞானஸ்நானம் கொடுக்கப் போன வீட்டிலும் அது பையில் இருந்தது.

எந்தச் சபையில் சேர்கிறாய் என்று தெரிந்துதான் சேர்கிறாயா? பீடத்துக்கு முன்னால் ஒரு பெண் நிற்கக் கூடாது என்று சொல்கிற சபை அது. அவர்கள் கணக்கில் நான் போதகரே இல்லை. அங்கி போட்டுக்கொண்ட ஒரு பெண், அவ்வளவுதான். நான் கொடுக்கிற திருவிருந்து வெறும் அப்பமும் திராட்சரசமும். நான் கட்டிவைத்த கல்யாணங்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாவுப் படுக்கைகள், எல்லாம் நாடகமா?

நான் இறையியல் படிக்கப் போகிறேன் என்றபோது பெரியப்பா நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்ன சொன்னார்? “பொண்ணுக்கு எதுக்கும்மா பிரசங்க மேடை?” என்று சிரித்தார். நீ காபிக் கோப்பையை வைத்த வேகத்தில் அடியிலிருந்த தட்டு உடைந்தது. “ஒரு நாளைக்கி எம் பொண்ணு பேசுறதக் கேக்க நீங்க எடம் இல்லாம நிப்பீங்க, பாருங்க” என்றாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவை நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பாவை நான்தான் அடக்கம் செய்தேன். என் கையால் மூன்று பிடி மண் போட்டேன். குரல் உடையாமல் கடைசி வரைக்கும் நடத்தி முடித்தேன். நீயே அன்றைக்கு ‘நல்லா நடத்தினம்மா’ என்று சொன்னாய். அது உனக்குப் போதவில்லையா? அந்த ஃபாதரிடம் போய் என்ன தேடுகிறாய்?

நவம்பர் மூன்றாம் தேதி சகல பரிசுத்தவான்களின் ஞாயிறு. இங்கே பெரிய ஆராதனை. இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் படித்து மெழுகுவத்தி ஏற்றுவோம், பிறகு திருவிருந்து. நீ வா. வந்து என் கையால் திருவிருந்து வாங்கிக்கொள். ஈஸ்டருக்கு அப்புறம் அந்தச் சபை உன்னை அதற்கு விடாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இந்த ஒரு தடவை.

சுன்னிவா


த்ரோம்சோ,
25 செப்டம்பர் 1996

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. தட்டு உடைந்ததும் உண்மை, அது உன் பெரியம்மா கொடுத்த தட்டு என்பதும் உண்மை.

என்ன தேடுகிறாய் என்று கேட்டாய். சொல்லப் பார்க்கிறேன். உன்னைப் போல எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது.

அப்பா இறந்த வருஷம், இதே சகல பரிசுத்தவான்களின் ஞாயிற்றில், நம் ஆலயத்தில் அவர் பெயரைப் படித்தார்கள். நான் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். மறு வருஷமும் போனேன். அவர் பெயர் வரவில்லை. வராது என்று எனக்கே தெரியும், அந்தந்த வருஷத்துக்காரர்களைத்தானே படிப்பார்கள். தெரிந்தும் காது காத்துக்கொண்டிருந்தது. பட்டியல் முடிந்து பாட்டு ஆரம்பித்தபோது எல்லோரும் எழுந்தார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் கேன்டீனில் லூர்தெஸ் கேட்டாள். என்னோடு பாத்திரம் கழுவுகிற பிலிப்பைன்ஸ்காரி, உனக்கு ஒரு தடவை மாம்பழ ஜாம் கொடுத்தனுப்பினாளே, அவள்தான். “எங்க கோவில்ல இன்னிக்கி செத்தவங்களுக்குப் பூசை. எங்க அண்ணன் பேரக் குடுக்கப் போறேன். உங்க வீட்டுக்காரர் பேரையும் குடுக்கலாம், வர்றீங்களா?” என்றாள். “அவரு லுத்தரன் சபைக்காரராச்சே” என்றேன். “செத்ததுக்கப்புறம் என்ன லுத்தரன்?” என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

ஃபாதர் காசிமிர் வாசலிலேயே நின்று பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். ‘சிகுர்த்’ என்றேன். பூசையில் அவர் அதைப் படித்த மாதிரியைக் கேட்டிருந்தால் உன் அப்பா சிரித்திருப்பார், ஏதோ தும்மல் மாதிரி இருந்தது. ஆனால் படித்தார். அடுத்த வருஷமும் படிப்பீர்களா என்று கேட்டேன். “நீங்க கேக்குற வரைக்கும் படிப்போம். நீங்க போனப்புறம் வேற யாராவது கேப்பாங்க” என்றார்.

அன்று கூட்டம். லூர்தெஸ் ஒரு பக்கம் நெருக்கினாள். மறுபக்கம் மீன் ஃபாக்டரியில் வேலை பார்க்கிற ஓர் இலங்கைக்காரப் பெண், தன் குழந்தையின் காலை என் மடியில் நீட்டிவிட்டு அவள்பாட்டுக்குச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றக்கூட இடமில்லை. வேர்த்துக் கொட்டியது. எழுந்து போகத் தோன்றவில்லை. மறு ஞாயிறும் போனேன்.

பெண்கள் பீடத்தில் நிற்கக் கூடாது என்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஃபாதரிடமே சொன்னேன். “எம் பொண்ணு உங்களவிட நல்லாப் பிரசங்கம் பண்ணுவா” என்றேன். “இருக்கும்மா. என்னவிட நல்லாப் பண்றது ஒண்ணும் கஷ்டமில்ல” என்றார். இதை ஒத்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதே. இதையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

நவம்பருக்குக் கண்டிப்பாக வருகிறேன். உன் ஆராதனையில் உட்காருவேன், பாடுவேன், நீ பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன். ஆனால் திருவிருந்து வாங்க மாட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு, இன்னொரு வீட்டுச் சாவி கைக்கு வராமல் தெருவில் நிற்கிறேன். அங்கேயும் எனக்குத் திருவிருந்து இன்னும் கிடையாது. இங்கே வாங்கினால் அது உன் மனசு நோகக் கூடாது என்பதற்காக வாங்கியதாக இருக்கும். உன் கையிலிருந்து எதையும் பொய்யாக வாங்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவை நீ நன்றாகத்தான் அடக்கம் செய்தாய். அதில் எந்தக் குறையும் இல்லை. நான் தேடுவது வேறு.

என்றும் உன்,
அம்மா


ஹெஸ்தோய்,
9 அக்டோபர் 1996

அம்மா,

வருவதானால் வா. சனிக்கிழமை மத்தியானம் விரைவுப் படகில் ஏறினால் சாயங்காலம் வந்துவிடலாம். துறைமுகத்தில் நிற்கிறேன்.

ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார். நான் பீடத்திலிருந்து திரும்பும்போது முதலில் உன் முகம் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது.

சுன்னிவா

ஜன்னல் இன்னும் சரியாகவில்லை. தடித்த ஸ்வெட்டர் கொண்டு வா.


ஹெஸ்தோய்,
4 நவம்பர் 1996

அம்மா,

நீ ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று சித்தி போன் செய்து சொன்னாள். எனக்குச் சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க மீனைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் பேசினோம். சரி, இப்படியாவது ஓடட்டும் என்றுதான் இருந்தேன். நீ திருவிருந்து வாங்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய். கஷ்டமாக இருந்தாலும் அதற்கு மனசைத் தயார் செய்துவைத்திருந்தேன். நீ கடைசிப் பெஞ்சில் இருப்பாய், நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன், முடிந்துவிடும்.

ஆனால் நீ எழுந்து வந்தாய். எல்லோருக்கும் பின்னால், நடுவழியில் மெதுவாக நடந்து வந்தாய். மனசு மாறிவிட்டாள், எனக்காக வருகிறாள் என்று நினைத்தேன். உன் முறைக்காகக் காத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பார்த்தால், நீ பீடத்துக் கம்பித் தடுப்புக்கு முன்னால் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே பூட்டுப் போட்ட மாதிரி கட்டிக்கொண்டு இருந்தாய். சாப்பாடு வேண்டாம் என்று அடம் பிடிக்கிற குழந்தை மாதிரி. என் முகத்துக்கு நேராக. ஊர் பார்க்க.

வாங்குவதில்லை என்றால் உட்கார்ந்திருக்கலாமே, அம்மா? அவ்வளவு தூரம் நடந்து வந்து, என் எதிரில் மண்டியிட்டு, வேண்டாம் என்று காட்ட வேண்டுமா? அதையும் அந்த ஃபாதர்தான் சொல்லிக் கொடுத்தாரா?

ஆராதனை முடிந்து காபிக்கும் நீ இருக்கவில்லை. வாஃபிள் பலகாரம் சுட்டுவைத்திருந்தவர்கள் “அம்மா எங்க?” என்று கேட்டார்கள். தலைவலி என்றேன். நான் கதவில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது நீ பையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் இறங்கிப் போவது தெரிந்தது. கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

சுன்னிவா


த்ரோம்சோ,
11 நவம்பர் 1996

என் மகளே,

நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுன்னிவா, நான் வேண்டாம் என்று காட்டவில்லை. நான் கேட்டேன்.

எங்கள் கோவிலில் நன்மை, அதாவது திருவிருந்து, வாங்க முடியாதவர்கள், என்னைப் போல இன்னும் சேராதவர்கள், பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வரிசையில் போகலாம். கையை நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டால், ‘எனக்கு அப்பம் வேண்டாம், ஆசீர்வாதம் கொடுங்கள்’ என்று அர்த்தம். ஃபாதர் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்வார். ஒரு வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். உன்னிடம் வருவதற்கு முன்னால் ஃபாதரிடம் கேட்டேன், என் மகளிடம் அப்படிப் போகலாமா என்று. அவர் ஏதாவது நெளிவார் என்று எதிர்பார்த்தேன். “பெத்த பொண்ணுகிட்ட ஆசீர்வாதம் வாங்க எங்கிட்ட எதுக்கு அனுமதி கேக்குறீங்க?” என்றார்.

சனிக்கிழமையே சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ மேஜையில் பிரசங்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தாய். “அம்மா, நாளைக்கி பத்தி இப்ப எதுவும் பேச வேணாம், ப்ளீஸ்” என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நீ இவ்வளவு படித்தவள், இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

நீ சொன்னபடி கடைசிப் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் வயசான ஓர் அம்மா வந்து உட்கார்ந்தாள், குன்வோர் என்று பெயர். வந்ததும் என் மூக்கைப் பார்த்தாள். “போதகரம்மாவோட அம்மாதான நீங்க? மூக்கே சொல்லுதே. இங்க எதுக்கு ஒக்காந்திருக்கீங்க, இந்த எடத்துல கூரை ஒழுகும்” என்றாள். “எம் பொண்ணு இங்க ஒக்காரச் சொன்னா” என்றேன். “அப்ப உங்ககிட்டயும் அதிகாரந்தானா?” என்றாள். பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

நீ நன்றாகப் பேசினாய். இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது உன் குரல் கீழே இறங்குகிறது, அது புதுசு. பெயர்களைப் படிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்தி, அந்த வீட்டு ஆள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்ப உட்காரும் வரை காத்திருந்தாய். அவசரமே படவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் எழுந்து வந்தேன்.

நீ இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாய். ஒரு தடவை அப்பத்தோடு, ஒரு தடவை கிண்ணத்தோடு. உன் அங்கி என் முழங்கையில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். இப்போது கை வரும், இப்போது வரும் என்று. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்த பிறகுதான் நானும் எழுந்தேன்.

கோபம் இல்லை. உனக்குத் தெரியாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு நான் நினைத்தது, நான் உன்னை விட்டுப் போகிறேன் என்று நீ என்னை விட்டுவிட்டாய் என்பதுதான். வாஃபிளோடு அதையும் சேர்த்து விழுங்க என்னால் முடியவில்லை. அதனால்தான் படகுக்குப் போனேன்.

சாப்பிடு. இளைத்துவிட்டாய்.

என்றும் உன்,
அம்மா


த்ரோம்சோ,
9 டிசம்பர் 1996

அன்பு மகளுக்கு,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, மூன்று ஆலயத்திலும் வேலை தலைக்கு மேல் இருக்கும். தெரியும்.

இத்துடன் ஒரு பார்சல். காலுறை இரண்டு ஜோடி, ஆட்டு விலா உப்புப் போட்டது, முல்தெப் பழ ஜாம். ஜன்னல் இடுக்கில் வைக்கக் கம்பளித் துணி சுருட்டி வைத்திருக்கிறேன், அதைத் தூசி துடைக்க எடுத்துவிடாதே.

நான் எழுதியது அதிகமாகப் போயிருந்தால் மன்னித்துக்கொள். பதில் எழுதத்தான் வேண்டும் என்று இல்லை. பார்சல் கிடைத்தது என்று ஒரு வரி போதும்.

அம்மா


ஹெஸ்தோய்,
13 ஜனவரி 1997

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பத்து தடவை எழுதிக் கிழித்தேன். அந்த ஒரு வரியோடு நிறுத்த முடியவில்லை, மேற்கொண்டு எழுதவும் முடியவில்லை.

உன் நவம்பர் கடிதத்தைப் படித்தபோது நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ‘நான் கேட்டேன்’ என்று நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தேன். அதற்கு அப்புறம் உனக்கு என்ன எழுதுவது? தெரியாது என்று எழுதலாம். தெரியாதது உண்மைதான். ஆனால் என் எதிரில் என் அம்மா மண்டியிட்டிருக்கிறாள். கையில் என்ன அர்த்தம் இருந்தால் என்ன, குனிந்து கேட்டிருக்கலாமே, ‘என்னம்மா?’ என்று. வேறு யாராக இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

புது வருஷம் பிறந்த வாரத்தில் இங்கே ஓர் அடக்கம். தோர்ஸ்தைன் என்று ஒரு மீனவர், வயதானவர், தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மனைவி பெயர் ஆஸ்லாவ். இரண்டு மகன்கள், இருவரும் கப்பலில். புயலில் எந்தப் படகும் ஓடவில்லை, அவர்களால் வந்துசேர முடியவில்லை. சவப்பெட்டியை மேலும் வைத்திருக்க வேண்டாம், நடத்திவிடுங்கள் என்று ஆஸ்லாவே சொல்லிவிட்டார்.

இங்கேயும் வழக்கம் தெரியும்தானே, முதல் பெஞ்சு வீட்டாருக்கு. மற்றவர்கள் எல்லோரும் மரியாதைக்காக இரண்டாவது பெஞ்சிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். அவ்வளவு நீளப் பெஞ்சில் ஆஸ்லாவ் ஒரு ஓரமாக, தனியாக. நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவருடைய கையைப் பார்த்தேன். பக்கத்தில் பெஞ்சுப் பலகைமேல் அந்தக் கை அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது, கையுறையைத் தேடுகிற மாதிரி. கையுறை இரண்டும் மடியில்தான் இருந்தது.

எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துவிட்டது. காகிதத்தில் எழுதியிருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை. நான் குன்வோரைப் பார்த்தேன், அவர் வழக்கம்போலக் கடைசியில்.

“குன்வோர், கொஞ்சம் முன்னால வந்து ஆஸ்லாவ் பக்கத்துல உக்காருங்க” என்றேன்.

மேடையிலிருந்து. பிரசங்கத்தின் நடுவில். உன் மகள்.

“நானா? நான் அவங்களுக்குச் சொந்தமே இல்லியே” என்றார் அவர், அங்கிருந்தே சத்தமாக. “போன வருஷம் வேலித் தகராறு வேற.”

“தெரியும். வாங்க.”

வந்தார். பூட்ஸ் சத்தத்தோடு, கைப்பையோடு. ஆஸ்லாவுக்கு ஒட்டி, இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கை நின்றுவிட்டது. நான் மீதியைப் படித்து முடித்தேன், என்ன படித்தேன் என்று கேட்காதே.

வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்து யோசித்தேன். அப்பாவின் அடக்கத்தன்று நீ யாரோடு உட்கார்ந்திருந்தாய்? சித்தியும் பெரியம்மாவும் இரண்டாவது பெஞ்சில். முதல் பெஞ்சில் நீ மட்டும். உன் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான். நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். அப்பாவை வேறு யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கியைப் போட்டுக்கொண்டு மேலே நின்றால் அழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அழவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். நீயும்தான் பாராட்டினாய்.

அந்த ஃபாதரிடம் என்ன தேடுகிறாய் என்று உன்னைக் கேட்டேன். நீ பதில் எழுதியிருந்தாய், அம்மா. லூர்தெஸ் ஒரு பக்கம், குழந்தைக்காரி ஒரு பக்கம், கோட்டைக் கழற்ற இடமில்லை என்று. நான் அதைக் கதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன், பெண்கள் பீடத்தில் நிற்பதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்க.

இதனால் மட்டும்தான் நீ மாறுகிறாய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் உன்னைச் சின்னப் பிள்ளையாக்குவது ஆகிவிடும். உனக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அவை உன்னுடையவை. எனக்கு அவற்றில் இன்னும் சம்மதம் இல்லை. ஈஸ்டர் அன்று என் மனசு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் போதகரான நாளிலிருந்து நான் ஒரு ஆராதனையில்கூட உன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. எப்போதும் உனக்கு எதிரில்தான் நின்றிருக்கிறேன். இந்த மாதம் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்கு ஓய்வுபெற்ற போதகர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டேன். சனிக்கிழமை படகில் வருகிறேன். மறுநாள் உன்னோடு உன் கோவிலுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்காருகிறேன். அவ்வளவுதான். போதகர் கழுத்துப்பட்டை போட மாட்டேன். என்னை யாரிடமும் அழைத்துப் போய் அறிமுகம் செய்யாதே. மண்டியிடச் சொல்லி இடிக்காதே. அந்த ஃபாதர் பெண்களையும் பீடத்தையும் பற்றி ஒரு வார்த்தை பேசினால் எழுந்து வெளியே போய்விடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஜன்னலுக்கு உன் கம்பளித் துணி நன்றாக அடைக்கிறது.

அன்புடன்,
உன் சுன்னிவா


த்ரோம்சோ,
17 ஜனவரி 1997

என் கண்ணே சுன்னிவா,

இன்றைக்குத்தான் கடிதம் வந்தது. கையோடு பதில் எழுதித் தபாலில் போட்டால்தான் நீ கிளம்புவதற்குள் கிடைக்கும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆஸ்லாவைக் கேட்டதாகச் சொல். குன்வோரிடம், வேலித் தகராறில் இனிமேல் விட்டுக்கொடுக்க வேண்டியது அவர்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

மற்றதைப் பற்றி நேரில் பேசுவோம், இல்லையென்றால் பேசாமல் இருப்போம். எனக்கு இரண்டும் சரி. நீ எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன். இன்னொரு தடவை படிக்க இப்போது முடியாது.

உன் நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். மண்டியிட இடிக்க மாட்டேன், எனக்கே முழங்கால் வலி. ஃபாதர் அந்தப் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போ, நானும் உன்னோடு எழுந்து வருகிறேன், கடைவீதியில் போய்க் காபி குடிப்போம். ஆனால் அடுத்த ஞாயிறு நான் திரும்பப் போவேன். இதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை இரவுக்குக் காட் மீன் வாங்கிவைக்கிறேன், ஈரலோடு. உன் அறையில் ஹீட்டர் போட்டுவிட்டேன். பூசை பதினொரு மணிக்கு. பெஞ்சு சின்னது, கூட்டம் ஜாஸ்தி, வேர்க்கும், உள்ளே மெல்லிய சட்டை போட்டுக்கொள்.

இன்றைக்கு கேன்டீனில் லூர்தெஸிடம் சொன்னேன், 26ஆம் தேதி ஞாயிறு அவள் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும், என் பக்கத்தில் ஆள் வருகிறது என்று. கோபித்துக்கொண்டாள். “யாரு அது, எனக்கு மேல?” என்றாள்.

“எம் பொண்ணு” என்றேன். “போதகர்.”

அம்மா